முற்றத்து நிழலும் உடுக்குத் தோலும்: வாசகர் கேள்வி பதில்

சடங்கு, புராணக் கதை, வாத்தியம் பற்றி இம்முறை வந்த கடிதங்களில் பாதி வெளிநாட்டுப் பிள்ளைகளால் வந்தவை. அவர்கள் அங்கே படித்ததை இங்கே கேட்கிறார்கள். இங்குள்ளவர்கள் எங்களிடம் கேட்கிறார்கள்.

கேள்வி: லண்டனில் படிக்கும் பேத்தி தன்னைப் ‘பேகன்’ என்கிறாள். வட்டம் கீறி மெழுகுதிரி கொளுத்துகிறாளாம். ‘மஜிக்’ என்ற சொல்லின் கடைசியில் ‘கே’ என்று ஓர் எழுத்தையும் கூட்டி எழுதுகிறாள். இது சூனியமா? (மானிப்பாய்)

பதில்: இல்லை. கிறிஸ்தவத்துக்கு முந்திய ஐரோப்பியத் தெய்வங்களையும் பருவ நாட்களையும் இன்றைய வாழ்வுக்கு ஏற்பத் திரும்பக் கட்டிக் கும்பிடுகிறவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர் அது. அதில் பெரிய கிளை விக்கா. பழைமை பேசினாலும் அதன் இன்றைய வடிவத்துக்கு ஒரு நூற்றாண்டு வயதுகூட இல்லை. பிரித்தானியாவில் சூனியச் சட்டம் 1951இல் நீங்கியது. 1954இல் ஜெரால்ட் கார்ட்னர் ஒரு புத்தகம் எழுதினார். அதன் பிறகுதான் அது வெளிச்சத்துக்கு வந்தது. அந்தக் கார்ட்னர் 1900இல் இலங்கைக்கு வந்து தேயிலைத் தோட்டத்தில் வேலை பழகிய ஆள்.

‘கே’யைக் கூட்டியவர் அலிஸ்டர் குரோலி என்ற ஆங்கிலேய மந்திரவாதி. தொப்பிக்குள் இருந்து முயல் எடுக்கிற மேடை வித்தை வேறு, தன் சடங்கு வேறு என்று காட்டத்தான் அப்படி எழுதினார். அவரும் 1901இல் இங்கே வந்தார். அவருடைய கூட்டாளி அலன் பெனற் அப்போது கொழும்பில் சேர் பொன்னம்பலம் இராமநாதனின் பிள்ளைகளுக்குப் படிப்பித்துக்கொண்டு, இராமநாதனிடமே யோகம் பயின்றுகொண்டிருந்தார். பிறகு இருவரும் கண்டியில் ஒரு பங்களா எடுத்து, மூச்சுப் பயிற்சியும் இருக்கைப் பயிற்சியும் செய்தார்கள். இராமநாதன் குடும்பம் மானிப்பாய் வழி வந்தது. மருதனார்மடத்தில் 1913இல் பெண்கள் கல்லூரி நிறுவியவர் அவர். பேத்தி வட்டத்துக்குள் இருந்து மூச்சை எண்ணுகிறாள் என்றால், அந்தப் பழக்கத்தின் ஒரு நூல் உங்கள் ஊர் ஆளின் கையால் போனதாகவும் இருக்கலாம். மெழுகுதிரியை யன்னல் சீலைக்குக் கிட்ட வைக்காதே என்று மட்டும் சொல்லுங்கள்.

கேள்வி: விக்காக்காரர்களின் எட்டுத் திருநாட்களை யாழ்ப்பாணத்தில் அப்படியே கொண்டாட முடியுமா? (கொக்குவில்)

பதில்: திகதியை எடுக்கலாம். காரணத்தை எடுக்க முடியாது. அந்த எட்டில் நான்கு சூரிய நாட்கள்: டிசம்பர் 21 அளவில் நீண்ட இரவு, யூன் 21 அளவில் நீண்ட பகல், மார்ச்சிலும் செப்டெம்பரிலும் பகலும் இரவும் சமம். மற்ற நான்கும் அவற்றுக்கு இடையில், ஒக்ரோபர் 31, பெப்ரவரி 1, மே 1, ஓகஸ்ட் 1 என்று வரும். இந்த எட்டும் ஒரே சக்கரமாகக் கோக்கப்பட்டது 1950களில்தான். செப்டெம்பர் நாளுக்கு வழங்கும் ‘மேபன்’ என்ற பெயர் அதற்கும் பிந்தியது, 1970களில் வைத்தது.

லண்டனில் டிசம்பர்ப் பகல் எட்டு மணித்தியாலத்துக்கும் குறைவு. யூன் பகல் பதினாறரை மணித்தியாலத்துக்கு மேல். வெளிச்சம் திரும்பி வருகிறது என்று அங்குள்ளவர் நெருப்பு மூட்டுவதில் நியாயம் உண்டு. யாழ்ப்பாணத்தில் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம்தான். டிசம்பரில் இங்கே ஒருவரும் வெயிலுக்கு ஏங்குவதில்லை. மாரி வெள்ளம் எப்போது வடியும் என்றுதான் ஏங்குகிறோம்.

இங்கே பார்க்க வேண்டியது நிழல். மூன்றடி நீளமான நேர்த் தடி ஒன்றை முற்றத்தில் நட்டு, நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டு அது செங்குத்தாக நிற்கிறதா என்று சரிபாருங்கள். தடி சற்றுச் சரிந்தாலும் கணக்குப் பிழைக்கும். பலருக்கும் பிழைப்பது இதில்தான். டிசம்பர் 21 அளவில் நண்பகலில் நிழல் வடக்கே ஏறக்குறைய இரண்டடி நீளும். ஏப்ரல் நடுவில், 14க்கும் 16க்கும் இடைப்பட்ட நாளில், 12.10 அளவில் நிழலே இராது. சூரியன் நேர் உச்சியில் நிற்கும். சித்திரை வருடப்பிறப்பும் அந்தச் சமயத்தில்தான் வருகிறது. பிறகு நிழல் தெற்கே திரும்பி, யூன் 21இல் ஒன்பது அங்குலம் அளவுக்குப் போய், ஓகஸ்ட் 28 அளவில் மறுபடி மறையும். நண்பகல் எது என்று மணிக்கூட்டைப் பார்க்க வேண்டாம். அது பருவத்துக்குப் பருவம் சில நிமிடம் முன்பின் ஆகும். பதினொன்றே முக்காலில் இருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை நிழல் நுனியில் ஒரு சிப்பி வையுங்கள். எது தடிக்கு மிகக் கிட்டவோ அதுதான் நண்பகல்.

பயிர் நாட்களும் அப்படித்தான். அவர்களின் ஓகஸ்ட் 1 முதல் அறுவடை நாள். கோதுமை அப்பம் சுடுவார்கள். இங்கே நெல் தையில் வீட்டுக்கு வரும், தைப்பூசத்தில் புத்தரிசிப் புதிர். ஓகஸ்ட்டில் விழுவது பனம்பழம். ஆகவே அந்த நாளுக்கு அப்பம் தேடி அலையாமல் பனங்காய்ப் பணியாரம் சுடுங்கள். ஒக்ரோபர் 31 அவர்களுக்கு இறந்தோர் நாள். எங்களுக்குத் தந்தையருக்கு ஆடி அமாவாசையும் கீரிமலையும், தாய்மாருக்குச் சித்திரா பௌர்ணமியும் இருக்கின்றன. மூன்றாவது ஒன்று வேண்டுமா என்று நீங்களே யோசியுங்கள்.

கேள்வி: கிழக்கு காற்று, தெற்கு நெருப்பு, மேற்கு நீர், வடக்கு மண் என்று ஒரு விக்காப் புத்தகத்தில் இருக்கிறது. எங்கள் வீட்டில் அக்கினி மூலை தென்கிழக்கு. எது சரி? (கோண்டாவில்)

பதில்: இரண்டும் அதனதன் ஊரில் சரி. இங்கிலாந்தில் நண்பகல் வெயில் ஆண்டு முழுவதும் தெற்கிலிருந்துதான் அடிக்கும். தெற்கை நெருப்பு என்றார்கள். ஈரக்காற்று வருவது அத்திலாந்திக் பக்கத்தில், அதாவது மேற்கில். இங்கே ஏப்ரல் நடுவிலிருந்து ஓகஸ்ட் கடைசிவரை நண்பகல் சூரியன் வடக்கில் நிற்கும். மாரி மழையோ வடகிழக்கிலிருந்து வரும். புத்தகத்தை முற்றத்துக்கு வெளியே வைத்துவிட்டு அக்கினியைத் தென்கிழக்கிலேயே விடுங்கள். வட்டம் வலமாகச் சுற்றுவதில் மட்டும் இரு பக்கத்தாருக்கும் சண்டை இல்லை.

கேள்வி: ஆடிப்பிறப்புக்குக் கூழ் காய்ச்சினால் எனக்குப் பயறு அவியாமல் கல்லாகவே கிடக்கிறது. உருண்டையும் கரைந்துபோகிறது. அளவு சொல்லுங்கள். (சண்டிலிப்பாய்)

பதில்: ஐந்து பேருக்கு: வறுத்து அரித்த பச்சையரிசி மா ஒரு சுண்டு, வறுத்துக் கோது நீக்கிய பயறு கால் சுண்டு, பனங்கட்டி தூளாக்கி ஒரு சுண்டு, ஒரு தேங்காய், மிளகும் சீரகமும் இடித்து ஒவ்வொன்றிலும் அரைத் தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை, தண்ணீர் ஐந்து சுண்டு. தேங்காயில் ஒரு கைப்பிடியைச் சொட்டாக வெட்டி வைத்து, மிச்சத்தில் இரண்டு சுண்டு பால் பிழியுங்கள்.

பயறு கல்லாவதற்குக் காரணம் பனங்கட்டி. கருப்பணி புளித்துக் கள்ளாகாமல் இருக்க முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு தடவுவார்கள். அந்தச் சுண்ணாம்பின் மிச்சம் கட்டியிலும் உண்டு. சுண்ணாம்பும் இனிப்பும் சேர்ந்தால் பயறு இறுகிவிடும். பிறகு எவ்வளவு விறகு எரித்தாலும் இளகாது. எனவே பயறு வெறும் தண்ணீரில், விரலால் நசுக்கினால் நசுங்கும் பதத்துக்கு வந்த பிறகுதான் பனங்கட்டி. பனங்கட்டியையும் நேரே போடாமல் அரைச் சுண்டு சுடுதண்ணீரில் கரைத்து வடியுங்கள். அடியில் மண்ணும் ஓலைத் துண்டும் தங்கும்.

உருண்டை கரைவதற்கு இரண்டு காரணம். மாவைப் பச்சைத் தண்ணீரில் குழைத்திருப்பீர்கள், அல்லது தண்ணீர் தளதளவென்று கொதிக்கும் முன் போட்டிருப்பீர்கள். மாவில் மூன்றில் இரண்டு பங்கைக் கொதிதண்ணீர் விட்டு அகப்பைக் காம்பால் கிளறி, கை பொறுக்கும் சூட்டில் பிசைந்து, சுண்டங்காய் அளவில் உருட்டுங்கள். கொதிக்கும் பயற்றுத் தண்ணீரில் பத்துப் பத்தாகப் போடுங்கள். எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கொட்டினால் கொதி அடங்கி, ஒன்றோடொன்று ஒட்டிக் களியாகும். மிதந்து வந்தால் வெந்துவிட்டது. மிச்ச மாவைத் தேங்காய்ப்பால் பாதியில் கட்டியில்லாமல் கரைத்து ஊற்றி, பனங்கட்டிக் கரைசலும் சொட்டும் சேர்த்து, அடிப்பிடிக்காமல் துழாவுங்கள். தடித்ததும் மிச்சப் பால், மிளகு சீரகம், உப்பு. ஒரு கொதி வரும்போதே இறக்குங்கள். மேலும் கொதித்தால் பால் திரையும். பலாவிலையைக் கோலி ஈர்க்கால் குத்திக் குடித்தால்தான் அது ஆடிக்கூழ். கரண்டியால் குடித்தால் பாயாசம்.

கேள்வி: ரொறன்ரோவில் இருக்கிற தங்கச்சி வீட்டைச் சுத்தி செய்ய ‘வைற் சேஜ்’ என்ற இலைக்கட்டைக் கொளுத்தச் சொல்கிறாள். இங்கே எங்கே வாங்கலாம்? (நல்லூர்)

பதில்: வாங்க வேண்டாம். அது தென் கலிபோர்னியாவிலும் அதை ஒட்டிய மெக்சிக்கோப் பகுதியிலும் வளரும் செடி. அங்குள்ள ஆதிக்குடிகளுக்குப் புனிதமானது. மற்றவர்கள் கேட்டுக் கேட்டுக் காட்டில் களவாக வெட்டுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். உங்கள் அலுமாரியில் சாம்பிராணி இருக்கும்போது இது எதற்கு?

சிரட்டைக்கரி நான்கைந்து துண்டு போதும். கரி கறுப்பாக இருக்கும்போதே தூளைத் தூவினால் கண் எரியும், கரி நாற்றம்தான் வரும். மேலே சாம்பல் பூத்து உள்ளே சிவந்த பிறகு ஒரு சிட்டிகை தூவுங்கள். வாசம் குறைந்ததும் இன்னொரு சிட்டிகை. ஒரேயடியாக ஒரு கரண்டி போட்டால் பிசின் உருகிக் கரியை மூடி நெருப்பை அணைத்துவிடும். புகை வெள்ளையாக மெல்ல எழும்ப வேண்டும். கறுப்பாக வந்தால் பற்றி எரிகிறது என்று அர்த்தம், தூபக்காலை வீசாமல் ஓரமாக வையுங்கள். கடையில் வாங்கும் தூளில் குங்கிலியம் கலந்திருக்கும். அது மலிவு, புகை கூட, வாசம் குறைவு. காய்ந்த வேப்பிலையோ நொச்சியோ சேர்க்கலாம். பச்சை இலை வேண்டாம். கதவு யன்னல் பூட்டிய அறையில் கரித்தணலை விட்டுப் படுக்கவே கூடாது. அதிலிருந்து வரும் நச்சுவாயுவுக்கு மணமும் இல்லை நிறமும் இல்லை. தொய்வு உள்ளவர்களும் கைக்குழந்தையும் இருக்கும் அறைக்குத் தூபம் காட்டாமல் வாசலோடு நிறுத்துங்கள்.

கேள்வி: எங்கள் அம்மன் கோயில் உடுக்கு பங்குனியில் கணீரென்று பேசும், கார்த்திகையில் ஈரச் சாக்கில் தட்டுவது போல் இருக்கிறது. தோலை மாற்ற வேண்டுமா? (அச்சுவேலி)

பதில்: அவசரப்பட்டு மாற்ற வேண்டாம். ஆட்டுத் தோல் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சித் தளரும். மாரியில் எல்லாத் தோல் வாத்தியத்துக்கும் இதே வருத்தம்தான். உடுக்குத் தோல் மெல்லியது என்பதால் முதலில் தெரிவது அதில்.

முதலில் குறை தோலிலா நூலிலா என்று பாருங்கள். உடுக்கின் இடுப்பைச் சுற்றிய பட்டியைத் தளர்த்திவிட்டு ஒரு முகத்தைச் சுற்றி, விளிம்பிலிருந்து ஒரு விரல் உள்ளே தள்ளி, ஒரே பலத்தில் தட்டுங்கள். சுற்றிலும் ஒரே மாதிரி தாழ்ந்த சத்தம் வந்தால் ஈரம்தான். ஓரிடத்தில் மட்டும் தாழ்ந்தால் அந்தப் பக்கத்து நூல் தளர்ந்திருக்கிறது. ‘சர்ர்’ என்று இழுத்தால் தோலில் கீறல் இருக்கலாம், அல்லது முகத்தின் மேல் ஓடும் நரம்பு தளர்ந்து துடிக்கலாம். நரம்பை விரலால் அமத்திக்கொண்டு இன்னொரு தரம் தட்டினால் எது என்று தெரிந்துவிடும்.

ஈரமென்றால் தணலுக்கு மேல் ஒன்றரை அடி உயரத்தில் பிடித்து, இரண்டு முகத்தையும் மாறி மாறிக் காட்டுங்கள். உங்கள் புறங்கை அந்த உயரத்தில் பத்து எண்ணும்வரை பொறுக்க வேண்டும். பொறுக்காவிட்டால் தோலுக்கும் ஆகாது. சுவாலையில் காட்டுவதுதான் பெரும்பாலும் நடக்கும் பிழை. நடுப்பகுதி காய்ந்து சுருங்கும்போது விளிம்பு ஈரமாகவே இருப்பதால், வளையத்தை ஒட்டிக் கிழியும். ஒரு முகத்தை மட்டும் சூடாக்கினாலும் கேடு. நூல் இரண்டு முகத்தையும் இழுத்துக் கட்டியிருப்பதால் இறுகிய முகம் மற்றதைக் கோணலாக இழுக்கும்.

ஓரிடத்து நூல் தளர்ந்திருந்தால் அந்த இடத்தை மட்டும் இறுக்கக் கூடாது. எதிர்ப் பக்கத்து நூலையும் அதே அளவு இறுக்கி, வாகன ரயர் நட்டு முறுக்குவது போல் எதிர் எதிராகப் போங்கள். வாசித்து முடிந்ததும் பட்டியைத் தளர்த்திவிட வேண்டும். இதைச் செய்யாமல் ஆணியில் மாட்டுகிறவர்கள்தான் வருடா வருடம் தோல் மாற்றுகிறார்கள். பொலித்தீன் பையில் போட்டுக் கட்டினால் உள்ளே வேர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். பருத்தித் துணியில் சுற்றி, தரையில் படாமல், காற்றோட்டமான உயரத்தில் வையுங்கள். தேங்காய் எண்ணெய் பூசாதீர்கள். தோல் மெதுமையாகும் என்பது சரிதான், ஆனால் மெதுமையான தோல் பேசாது.

உடுக்கின் அழகே அழுத்தத்தில்தான். இடக்கை பட்டியைப் பிழியும்போது சுருதி ஏறி, விடும்போது இறங்கும். அந்த ஏற்ற இறக்கத்துக்கு இடம் வேண்டும். கடையில் வாங்கும்போதே உச்சத்துக்கு இறுக்கிக் கட்டிய உடுக்கு காதுக்கு நன்றாக இருக்கும். கையில் எடுத்தால் ஒரே சுரத்தில் தான் நிற்கும், தாலாட்டவும் வராது, உரு ஏற்றவும் வராது.

கேள்வி: இணையத்தில் ‘வலம்புரிச் சங்கு’ பெரிதாக, மலிவாகக் கிடைக்கிறது. நம்பலாமா? (பருத்தித்துறை)

பதில்: கடற்கரையில் இருந்துகொண்டு இணையத்தில் சங்கு வாங்குவதா? இருக்கட்டும். எங்கள் கடலில் எடுக்கும் சங்கு ஏறக்குறைய எல்லாமே இடம்புரி. வலம்புரி மிக மிக அரிது. ஆனால் அமெரிக்காவின் அத்திலாந்திக் கரையிலும் மெக்சிக்கோ வளைகுடாவிலும் வாழும் வேறோர் இனத்துக்கு இயல்பாகவே வாய் வலம்புரிப் பக்கம்தான் இருக்கும். மலிவாக வருவது பெரும்பாலும் அது. வாய்க்குள் விரல் விட்டு நடுத்தண்டைத் தடவிப் பாருங்கள். எங்கள் சங்கில் மூன்று நான்கு மடிப்பு வரம்பு போல் தட்டுப்படும். மற்றது வழுவழுப்பாக இருக்கும், ஓடும் மெல்லியது, தூக்கினால் பாரம் இராது. காதில் வைத்தால் ‘ஓம்’ என்று கேட்பது எல்லாச் சங்கிலும் கேட்கும். தேநீர்க் கோப்பையை வைத்தாலும் கேட்கும். திருவெம்பாவைக் காலத்தில் வீதியால் ஊதிக்கொண்டு போவதற்கு இடம்புரியே போதும். ஊத வராவிட்டால் சங்கைக் குறை சொல்லாமல் உதட்டைப் பாருங்கள். கன்னத்தை உப்பி ஊதினால் காற்றுத்தான் போகும். உதடுகளை இறுக்கி அதிரவிட வேண்டும்.

கேள்வி: பேகன்காரர் தெய்வங்களைத் தங்களுக்குப் பிடித்தபடி ‘தெரிந்தெடுக்கிறார்கள்’. கோபத்துக்கு ஒரு தெய்வம் வேண்டுமென்றால் கண்ணகியை எடுக்கலாமா? (மட்டுவில்)

பதில்: மட்டுவிலில் இருந்துகொண்டா கேட்கிறீர்கள்! கதையின் ஒரு பாதியை மட்டும் எடுப்பதால் வரும் கேள்வி இது. மதுரையை எரித்ததோடு சிலப்பதிகாரக் கண்ணகியின் வேகம் தெரியும். ஆனால் ஈழத்து வழிபாடு அந்த வேகத்தைக் கூட்டுவதற்கு ஏற்பட்டது அல்ல, தணிப்பதற்கு. கிழக்கில் குளிர்த்திப் பாட்டு, உங்கள் ஊர்ப் பன்றித்தலைச்சி அம்மனுக்குப் பங்குனித் திங்களில் பொங்கல், வேறிடங்களில் கஞ்சி, இளநீர், வேப்பிலை: எல்லாம் குளிர்ச்சிப் பொருள்கள். காலமும் கொதிக்கிற பங்குனியும் வைகாசியும்தான். ஆறுமுக நாவலர் இவ்வழிபாட்டைக் கண்டித்தவர். பின்னாளில் பல கண்ணகி கோயில்களின் பெயர் இராஜராஜேஸ்வரி, புவனேஸ்வரி என்று மாறியது. பெயர் மாறிய இடங்களிலும் பொங்கல் பானை மாறவில்லை. ஆகவே உங்கள் கோபத்தைக் கொண்டுபோவதென்றால் தாராளமாகக் கொண்டுபோங்கள், ஆற்றிக்கொண்டு வருவதற்காக.

கேள்வி: நாவூறு கழித்துச் செத்தல் மிளகாயை அடுப்பில் போட்டால் நெடி வராவிட்டால் கண்பட்டது உண்மை என்கிறார்களே? (சாவகச்சேரி)

பதில்: கொளுந்துவிட்டு எரியும் நெருப்பில் மிளகாயின் காரமும் சேர்ந்து எரிந்து, மிச்சம் சூட்டோடு மேலே போய்விடும். அரைத் தணலில் போட்டால் அது எரியாமல் கருகி, காரம் புகையோடு கிளம்பி வீடு முழுக்க இருமும். யாருடைய கண்ணும் இதில் இல்லை. அம்மம்மா சுற்றிப் போடும்போது பிள்ளை சிரிக்கிறதே, அதற்காகச் செய்யுங்கள். மூன்று மிளகாய், கொஞ்சம் உப்பு, கடுகு, முச்சந்தி மண், வெளி முற்றத்து நெருப்பு. உப்பும் கடுகும் வெடித்துத் தெறிக்கும். போட்டவுடன் முகத்தைத் திருப்பிக்கொண்டு பின்வாங்குங்கள்.

கேள்வி: வீட்டில் செய்வினைத் தகடு புதைத்திருப்பதாகச் சொல்லி, எடுக்க ஒரு லட்சம் ரூபா கேட்கிறார் ஒருவர். (பெயர், ஊர் வேண்டாம் என்கிறார்)

பதில்: கொடுக்காதீர்கள். தோண்டுகிற இடத்தை அவர் தெரிவு செய்ய விடாமல், நீங்கள் சொல்லும் இடத்தில், நீங்கள் கொடுக்கும் மண்வெட்டியால், சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்துக்கொண்டு தோண்டச் சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் அன்றைக்கு அவருக்கு நாள் சரிவராது. வீட்டில் யாருக்காவது நித்திரை இல்லை, சாப்பாடு செல்லவில்லை, காய்ச்சல் விட்டுவிட்டு வருகிறது என்றால் அந்தக் காசில் ஒரு சிறு பங்கோடு வைத்தியரிடம் போங்கள்.